எண்ணாத தலை

குடைக்காரர் கையில் இருக்கும் குடை மழைக்கும் இல்லை, வெயிலுக்கும் இல்லை. ஐரோப்பாவுக்கு ஆட்களை அழைத்துப் போகும் டூர் மேனேஜர் அவர். ஆரஞ்சு நிறக் குடையொன்றை விரிக்காமல் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். முப்பது நாற்பது பேர் அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வருவார்கள். முன்னால் நடப்பார் என்றேனே ஒழிய, முன்பக்கம் பார்த்து நடப்பார் என்று சொல்லவில்லை. அவருடைய முகம் எப்போதும் கூட்டத்தின் பக்கம்தான். காலைப் பின்னால் பின்னால் வைத்துப் போய்க்கொண்டே, யார் கடை வாசலில் நின்றுவிட்டார்கள், யார் செருப்பு அறுந்தது என்று பார்த்துக்கொண்டே போவார். வெனிஸின் பாலங்களும் வியன்னாவின் அரண்மனையும் அத்தனை வருஷமும் அவர் முதுகுக்குப் பின்னால்தான் இருந்தன.

இன்னொரு பழக்கமும் உண்டு. பஸ் கிளம்பும் முன் தலை எண்ணுவார். அதில் தன் தலையைச் சேர்க்க மாட்டார். அந்தத் தொழிலில் யாரும் சேர்ப்பதில்லை. கூட்டி வந்தவர்களைத்தான் திருப்பிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். தான் காணாமல் போனால் அது தன் பாடு.

பெருந்தொற்று வந்து உலகத்தையே வீட்டுக்குள் போட்டுப் பூட்டியபோது ஆபீஸ் ஷட்டரும் இறங்கியது. குடைக்காரர் ஒரு கிடங்கில் அட்டைப்பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டப் போனார். பெட்டிகள் எங்கெங்கோ போயின, அவர் அதே மூலையில் நின்றார். ஒருவழியாகத் தொற்று அடங்கி விமானங்கள் பறக்க ஆரம்பித்ததும் முதலாளி போன் போட்டு வரச் சொன்னார்.

ஆபீசுக்குள் பழைய காகித வாடை. சுவரில் இருந்த ஈபிள் கோபுரம் ஒரு ஓரம் பெயர்ந்து சுருண்டு தொங்கியது. மேஜைமேல் இருந்த பிளாஸ்டிக் விமானத்தை முதலாளி சட்டைக் கையால் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கையும் வாயையும் மூட வேண்டிய முகக்கவசம் அவருடைய தாடையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

"வாய்யா குடை. ஜனங்க அடைஞ்சு கெடந்து பைத்தியம் பிடிச்சுப்போய் இருக்காங்க. இருக்கும்போதே பார்த்துடணும்னு துடிக்கிறாங்க. வெனிஸ், வியன்னா, ப்ராக், லிஸ்பன். கனவு நகரங்கள்னு ஒரு விளம்பரம் போட்டேன், மூணே நாள்ல பாதி சீட்டு போயிடுச்சு. நீதான் கூட்டிட்டுப் போறே."

குடைக்காரர் தலையாட்டினார்.

"இன்னொண்ணு. இந்தத் தடவை உனக்கு ஒரு சீட்டு சும்மா தர்றேன். வீட்டம்மாவைக் கூட்டிட்டுப் போ. எத்தனை வருஷமாய்யா அவங்களுக்கு அடுத்த சீசன், அடுத்த சீசன்னு டிமிக்கி கொடுத்துட்டிருக்கே?"

முதலாளி நல்ல மனசோடுதான் சொன்னார். குடைக்காரர் எழுந்து போய், சுருண்டு தொங்கிய ஈபிள் கோபுரத்தைச் சுவரோடு அழுத்தி ஒட்டப் பார்த்தார்.

அவருடைய மனைவி பள்ளிக்கூடத்தில் பூகோள டீச்சராக இருந்தவள். கரும்பலகையில் கண்ணை மூடிக்கொண்டு ஐரோப்பாவை வரைந்துவிடுவாள். ஆனால் பள்ளிக்கூடத்துக்கும் வீட்டுக்கும் நடுவே ஓடும் பஸ்ஸைத் தவிர அவள் ஏறிய வண்டி குறைவு. "புருஷன் உலகம் சுத்தறார், நான் உருண்டையைச் சுத்தறேன்" என்று மேஜைமேல் இருக்கும் பூகோள உருண்டையைக் காட்டிச் சொல்வாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். ஒவ்வொரு பயணத்திலிருந்தும் அவர் காந்த பொம்மை வாங்கி வந்து கொடுப்பார். ஃபிரிட்ஜ் கதவில் ஒட்ட இடம் தீர்ந்து பக்கவாட்டுக்கும் போயாகிவிட்டது.

கடைசியாக அவர் அங்கிருந்து கொண்டு வந்தது காந்த பொம்மை மட்டும் அல்ல. எல்லாம் மூடுவதற்கு முந்தைய கடைசி கூட்டத்தை அழைத்துப் போய்விட்டுத் திரும்பி, இரண்டு நாள் லேசாக இருமினார். சீதோஷ்ணம் மாறியதால் இருக்கும் என்று நினைத்தார். அடுத்து அவள் படுத்தாள். சுகாதார ஊழியர் ஒருவர் உடம்பு முழுக்க உறை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று, "வீட்ல எத்தனை பேர் இருக்கீங்க?" என்று கேட்டார்.

"ஒருத்தர்" என்றார் குடைக்காரர்.

உள்ளேயிருந்து, காய்ச்சலிலும் அவள் குரல் கொடுத்தாள். "ரெண்டு பேர்னு சொல்லுங்க. இவருக்குத் தன்னை எண்ணத் தெரியாதுங்க, தப்பா எடுத்துக்காதீங்க!"

ஊழியர் உறைக்குள் சிரித்தார். குடைக்காரருக்கும் சேர்த்துப் பரிசோதனை செய்தார்கள். இருவருக்கும் இருந்தது. எங்கிருந்து வந்தது, யார் வழியாக வந்தது என்பதைச் சொல்ல டாக்டர் தேவைப்படவில்லை. அவருக்கு இருமலோடு போயிற்று. அவளை ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

ஆஸ்பத்திரியில் யாரையும் உள்ளே விடவில்லை. சாயங்காலத்தில் ஒரு நர்ஸ் போனை அவள் காதருகே பிடித்துக்கொள்வாள். முதல் நாள், மூச்சுக்கு நடுவே மூச்சு தேடி, அவள் கேட்டாள்: "ஏதாவது ஊரைச் சொல்லுங்க. ப்ராக் சொல்லுங்க."

குடைக்காரர் ப்ராக்கை மனசுக்குள் தேடினார். ப்ராக் நகரத்துக்கு எத்தனையோ முறை போயிருக்கிறார். ஆற்றங்கரையில் மூக்குக் கண்ணாடியைத் தொலைத்த மாமாவின் முகம் நினைவிருக்கிறது. ஆற்றின் முகம் நினைவில்லை. உருட்டிப் புரட்டிப் பார்த்ததில் அவர் திரும்பி நின்று பார்த்த இடம் ஒன்றுதான் அகப்பட்டது. எல்லோரையும் இறக்கிவிட்டு, எல்லோரும் திரும்பும்வரை காத்துக் கிடக்கும் இடம்.

"பஸ் நிறுத்தற இடம் ஒண்ணு இருக்கும்மா. பெரிய இடம். வரிசையா பஸ்ஸு. ஓரத்துல ஒரு மரம், பாதி பட்டுப்போச்சு, பாதி பச்சை. அதுக்குக் கீழ டிரைவருங்க நின்னு பேசிட்டிருப்பாங்க. காபி மெஷின் ஒண்ணு, காசை முழுங்கிட்டுக் காபி தராது, ஓங்கித் தட்டணும்..."

"ம்" என்றாள் அவள். "அப்புறம்?"

மறுநாள் வியன்னாவின் பார்க்கிங். அதற்கு அடுத்த நாள் வெனிஸுக்கு வெளியே, தண்ணீர் ஓரத்துப் பார்க்கிங். பெண்டாட்டி சாகக் கிடக்கும்போது பஸ் ஸ்டாண்டை வர்ணித்த ஒரே ஆள் தானாகத்தான் இருக்கும் என்று போனை வைத்ததும் தலையில் அடித்துக்கொள்வார். ஆனாலும் அவள் தினமும் கேட்டாள். பிழைத்தும் வந்தாள், நுரையீரல்தான் அவளோடு முழுதாக வரவில்லை. குளித்துவிட்டு வந்தாலே கட்டிலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

இலவச சீட்டு பற்றிச் சொல்லாமல் மறைத்துவிடத்தான் குடைக்காரர் நினைத்தார். முதலாளி முந்திக்கொண்டு அவளுக்கே போன் செய்து சொல்லிவிட்டார். குடைக்காரர் வீடு திரும்பியபோது அவள் ஃபிரிட்ஜ் கதவிலிருந்து நாலே நாலு பொம்மைகளை எடுத்து மேஜையில் வரிசையாக வைத்திருந்தாள். வெனிஸ், வியன்னா, ப்ராக், லிஸ்பன். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தைப் பார்த்துப் பல நாளாயிற்று. அவருக்கு அதைப் பார்க்கவே பயமாக இருந்தது.

டாக்டர் பிடி கொடுக்காமல் பேசினார். "விமானத்துக்குள்ள காத்து இன்னும் லேசா இருக்கும். ஒரு மாடி உயரம் ஏறட்டும். விரல்ல ஆக்ஸிஜன் அளக்கற இந்தக் கிளிப்பை மாட்டிக்கட்டும். தொண்ணூறுக்குக் கீழ போகலைன்னா யோசிக்கலாம். போச்சுன்னா, என்னைக் கேட்காதீங்க."

அன்றிலிருந்து அவளுக்கு அதே வேலை. வாசற்படியில் ஏறுவாள், இறங்குவாள். பிறகு கட்டடத்தின் முதல் நாலு படி. ஒரு படி கூடினால் சின்னப் பிள்ளைபோல் வந்து சொல்வாள். குடைக்காரர் சிரித்து வைப்பார். வெனிஸில் எத்தனை பாலம், லிஸ்பனில் எப்படிப்பட்ட மேடு என்பது ஊரைப் பார்க்காவிட்டாலும் அவருடைய பின்னங்காலுக்குத் தெரியும். மூச்சு வாங்கும் பெரியவர்களிடம் வாய் கூசாமல் சொல்வதற்கென்று ஒரு வசனம் வைத்திருந்தார்: "முடியாதவங்க பஸ்லயே உக்காருங்க. இங்கிருந்தே எல்லாம் தெரியும்." இத்தனை வருஷத்தில் எத்தனை பேரை அப்படி உட்கார வைத்திருப்பார்! பஸ்ஸிலிருந்து தெரிவது அடுத்த பஸ்ஸின் முதுகுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. "இன்னிக்குப் பெரிய ரோட்டு நடைபாலத்துல ஏறிப் பார்த்துடலாம்" என்றாள். "வெனிஸ்ல பாலம் பாலமா ஏறணும்ல?" பிறகு, "குடையை எடுத்துக்கங்க. நானும் உங்க டூர்ல வந்த மாதிரி இருக்கும்."

ரோட்டில் கூட்டம் இல்லை. பாலத்தின் இரும்புப் படிகளில் பழைய சுவரொட்டிகளின் மிச்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. குடைக்காரர் குடையைத் தூக்கிப் பிடித்தார். பழக்கதோஷம், அவளைப் பார்த்தபடியே பின்பக்கமாக ஏறினார். அவள் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, விரலில் கிளிப்போடு, குடையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஏறினாள். முதலில் சிரிப்பு நின்றது. அப்புறம் உதடு வெளுத்தது. பாதி தூரத்தில், படிகள் திரும்பும் இடத்தில், "கொஞ்சம் இருங்க" என்று உட்கார்ந்துவிட்டாள்.

அவர் குனிந்து விரலைப் பார்க்கப் போனார். கையை மடிக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எவ்வளவு காட்டுது?"

"நல்லாத்தான் காட்டுது." பேச்சுக்கு நடுவே காற்றைத் துண்டு துண்டாக இழுத்தாள். "பாலம் ஏற முடியலைன்னா என்ன. நான் பஸ்லயே உக்காந்துக்கறேன். அங்கிருந்தே எல்லாம் தெரியும்னு நீங்கதானே எல்லாருக்கும் சொல்வீங்க?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேரிடம் சொன்னதுதான்.

"தெரியாதும்மா. ஒண்ணும் தெரியாது. நான் பொய்தான் சொல்லிட்டிருந்தேன். வெறும் பார்க்கிங். ஊரு எங்கேயோ இருக்கும்."

"அது எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரில தினம் நீங்க சொன்னது பார்க்கிங்தானே." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நான் கேட்கறதும் அந்த இடத்தைத்தாங்க. பாதி பட்டுப்போன மரம், தட்டினாத்தான் காபி தர்ற மெஷின். மூச்சு முட்டினப்பல்லாம் நான் அங்கதான் போய் உக்காந்திருந்தேன். ஒரு தடவை நேர்ல உக்காந்து பார்க்கணும், அவ்வளவுதான். கோட்டை, கோபுரமெல்லாம் நான் படத்துல பார்த்தாச்சு."

குடைக்காரர் குடையைப் படியில் போட்டுவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். அவளே மடியிலிருந்து கையை எடுத்து நீட்டினாள். எண்பத்து மூன்று. அந்தச் சின்னத் திரையை இருவரும் பார்த்தார்கள். பஸ்ஸில் உட்காருவதற்குக்கூட முதலில் விமானம் ஏற வேண்டும்.

"சரி, விடுங்க" என்றாள். "முதலாளிகிட்ட அந்தச் சீட்டை வேற யாருக்காவது கொடுக்கச் சொல்லுங்க. நீங்க போங்க."

"நானும் போகலை."

"போகாம? வீட்ல உக்காந்து என் மூச்சை எண்ணிட்டிருக்கப் போறீங்களா? போங்க. போய் இந்தத் தடவையாவது திரும்பி நின்னு பாருங்க." மேலே கை காட்டினாள். "இப்பவே பழகுங்க. அங்க ஏறிப் போய் என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

அவர் ஏறினார். வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டி வந்த ஆளுக்கு முதுகைக் காட்டி ஏறினார். அது என்னவோபோல் இருந்தது; கால் இடறியது. பாலத்தின் நடுவில் நின்று, கீழே அவளுக்குக் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"ரோடு நேரா போயி ஒரு இடத்துல வளையுது. வளைவுல தண்ணித் தொட்டி. பாதிக்கு மேல பாசி. பக்கத்துல ஒரு மொட்டை மாடி, போர்வை காயுது, சிவப்புல கட்டம் போட்டது. ஒருத்தர் ஸ்கூட்டரை உதைச்சு உதைச்சுப் பார்க்கறார், கிளம்பலை. அந்தப் பக்கம்... அந்தப் பக்கம் நம்ம வீட்டு ஜன்னல்கூடத் தெரியுதும்மா! இத்தனை நாள் கவனிச்சதே இல்லை."

"ம்" என்றாள் கீழேயிருந்து. "அப்புறம்?"

சொல்வதற்கு இருந்ததையெல்லாம் சொன்னார். இறங்கி வந்தபோது அவள் கண்ணை மூடிக் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்திருந்தாள். உதட்டில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது.

"இன்னிக்குத்தான் ஊரு மாதிரி சொன்னீங்க" என்று கண்ணைத் திறந்தாள். "கிளம்பலாம். தலை எண்ணுங்க."

கிண்டலாகத்தான் சொன்னாள். அவர் விரல் தானாக நீண்டது.

"ஒண்ணு."

"உங்களை?"

"என்னை எண்ண மாட்டேனே."

அவள் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தாள்.

"எண்ணிப் பழகிக்கங்க" என்றாள். "இன்னும் கொஞ்ச நாள் போகட்டும். யாராவது வாசல்ல வந்து வீட்ல எத்தனை பேர்னு கேட்டா, அன்னைக்கு நீங்க சொன்ன 'ஒருத்தர்'ங்கற பதில் சரியா இருக்கும். உள்ள இருந்து திருத்த நான் இருக்க மாட்டேன்."