பின்சக்கரத்துச் செங்கல்

மூத்தவளுக்கு டிரைவிங் லைசென்ஸ் கிடைத்து வருஷக்கணக்காகிறது. கிடைத்து என்ன, அது பீரோவுக்குள் தூங்கியது. வாசலிலேயே பஸ் நிற்கும்போது கார் எதற்கு என்று புருஷன் ஒரே வரியில் கதையை முடித்துவிட்டான். அப்புறம்தான் கொழுந்தனுக்கு மனைவியாக இளையவள் அந்த வீட்டுக்கு வந்தாள். வேலைக்குப் போனாள், பெண் குழந்தை பெற்றாள், சொந்தச் சம்பாத்தியத்தில் ஆட்டோமேட்டிக் கார் ஒன்றை வாங்கி வாசலில் நிறுத்தினாள். மாமியார் அவளைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாள். மூத்தவளுக்கு வயிறு எரிந்தது. வேறு நல்ல வார்த்தை தேடி அதை மூடி மறைப்பானேன், அப்பட்டமான பொறாமைதான்.

ஒரு சாயங்காலம் இருவரும் கடைக்குப் போய்த் திரும்பினார்கள். பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து கேட் வரைக்கும் நல்ல ஏற்றம். இளையவள் ஏற்றத்தில் வண்டியை நிறுத்தி, லீவரைப் பார்க்கிங்கில் போட்டுவிட்டு, என்ஜினை அணைக்காமலே கேட்டைத் திறக்க இறங்கினாள். மூத்தவளும் பையோடு இறங்கினாள். மறந்துவிட்ட குடையை எடுக்க மறுபடி உள்ளே குனிந்தபோது கண்ணில் பட்டது: லீவர் பார்க்கிங்கில்தான் இருந்தது, பக்கத்தில் ‘பி’ என்ற எழுத்து பளிச்சென்று எரிந்தது. கதவைச் சாத்தினாள். வண்டி பின்னால் நகர்ந்தது.

குழந்தையோடு தெருவைக் கடந்து எதிர்வீட்டுச் சுவரில் முட்டி நின்றது. நல்லவேளை, தெருவில் யாருமில்லை, குழந்தைக்கும் ஒரு கீறல்கூட இல்லை. கொழுந்தன் ஓடிவந்து உள்ளே பாய்ந்து, பதற்றத்தில் லீவரை இப்படியும் அப்படியுமாக இழுத்ததில், அது எங்கே இருந்தது என்பதற்குத் தடயமே இல்லாமல் போனது. மிச்சமிருந்த சாட்சி ஒருத்திதான்.

“பெத்த பிள்ளை உள்ள இருக்கறதுகூடவா மறந்துபோச்சு?” என்று மாமியார் பிடித்துக்கொண்டாள். கொழுந்தனும் தன் பங்குக்கு மனைவியை வாங்கு வாங்கென்று வாங்கினான். இளையவள் ஓரகத்தியைப் பார்த்தாள்.

“பார்க்கிங்ல போட்டேன்னுதான் நெனைக்கறேன். அக்கா, நீங்க பாத்தீங்களா?”

உண்மை மூத்தவளின் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அந்த வீட்டில் இளையவளை ஒருவர் கடிந்து பேசி மூத்தவள் கேட்பது அதுதான் முதல் தடவை. கேட்கக் கேட்க நெஞ்சில் பால் வார்த்ததுபோல் இருந்தது. “நான் கவனிக்கலையே,” என்றாள்.

அதன்பின் இளையவள் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. தெருவைத் தாண்டும்போதுகூட மகளின் கையை மூத்தவளிடம் கொடுத்துவிடுவாள், தன் கையை அவளே நம்பவில்லை. கார் சாவி தானாக மூத்தவளிடம் வந்து சேர்ந்தது. ஏங்கி ஏங்கிப் பார்த்த கார்தான். ஆனால் அது பொய் சொல்லும் என்பது அவளுக்கு மட்டுமல்லவா தெரியும்? நிறுத்தியதும் ஹேண்ட்பிரேக்கை முழுமூச்சாக இழுப்பாள். அதுவும் போதாதென்று சீட்டுக்கடியில் ஒரு செங்கல் வைத்திருந்தாள். மேடோ சமதரையோ, இறங்கியதும் முதல் காரியம் அதைப் பின்சக்கரத்துக்கு முட்டுக்கொடுப்பதுதான். பொறுப்பு என்றால் இதுவல்லவா பொறுப்பு என்று மாமியார் அந்தச் செங்கல்லைக் காட்டியே இளையவளைக் குத்துவாள். மூத்தவள் அடக்கமாகச் சிரித்துக்கொள்வாள்.

பிறகு ஒருநாள் கம்பெனியே அந்த வகைக் கார்களையெல்லாம் பழுது பார்க்கத் திரும்பக் கூப்பிட்டது. வண்டி இளையவளின் பெயரில் இருந்ததால் அவளும் மகளோடு கூட வந்தாள். சர்வீஸ் சென்டர் மெக்கானிக் விளக்கினான். லீவரிலிருந்து கியர்பாக்ஸுக்குப் போகும் கேபிளின் முனையில் சின்னதாக ஒரு பிளாஸ்டிக் வளையம் இருக்கிறதாம், சூட்டில் அது விண்டுபோகிறதாம். அப்புறம் லீவர் பார்க்கிங்குக்குப் போகும், விளக்கும் எரியும், உள்ளே கியர் மட்டும் சில நேரம் பிடிக்கும், சில நேரம் நழுவும்.

“எத்தனையோ வண்டி உருண்டிருக்கும்மா. ஓட்டினவங்க மேல தப்பே இல்ல,” என்றான்.

இளையவள் மகளைக் கட்டிக்கொண்டு, நாலு பேர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதாள். அழுது முடித்துக் கண்ணைத் துடைத்தபோது அவள் பார்வை பின்சக்கரத்தில் போய் நின்றது. தண்ணீர் ஊற்றினால்கூட ஓடாத சமமான தரை. அங்கேயும் அந்தச் செங்கல்.

“அக்கா,” என்றாள் மெதுவாக. “நான் மறந்ததாலதான் வண்டி உருண்டுச்சுன்னா, மறக்காம போடற உங்களுக்குக் கல்லு எதுக்கு?”

ஒரு முன்ஜாக்கிரதைதான் என்று மூத்தவள் சொல்லியிருக்கலாம். அதை விட்டுவிட்டு, காலால் செங்கல்லைச் சக்கரத்திலிருந்து ஒதுக்கித் தள்ளினாள்.

வளையத்தை மாற்றி முடித்ததும் இளையவள் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டாள். கீழே கிடந்த செங்கல்லை எடுத்து, முன்சீட்டில் உட்கார்ந்த மூத்தவளின் மடியில் வைத்தாள். வீட்டுக்கு முன்னால் அதே ஏற்றத்தில் வண்டி நின்றது. இளையவள் லீவரைப் பார்க்கிங்கில் போட்டு இறங்கி, பின்கதவைத் திறந்து முதலில் மகளை இறக்கிக்கொண்டாள். மூத்தவளும் கதவில் கை வைத்தாள்.

“நீங்க உக்காருங்கக்கா. கேட்டை நான் திறக்கறேன்.”

மூத்தவள் கையை எடுத்துவிட்டாள். ‘பி’ எரிந்தது. அன்றைக்கும் இப்படித்தான் எரிந்தது. பின்னால் சரிவு, தெரு, எதிர்வீட்டுச் சுவர். மூச்சு விட்டால் வண்டி நகர்ந்துவிடும் என்பதுபோல் செங்கல்லை இறுகப் பிடித்துக்கொண்டு அசையாமல் இருந்தாள். வண்டி நகரவில்லை. முன்னால் இளையவள் ஒரு கையில் மகளைப் பிடித்தபடி மறுகையால் கேட்டை நிதானமாகத் தள்ளினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பயம் விட்டுப்போன அந்த முதுகைப் பார்க்கப் பார்க்க, மூத்தவளுக்குப் பழையபடி வயிறு எரிந்தது.