இரைப்பையில் எடுத்த சாம்பிள்

மிளகு மண்டிக்காரர் மூட்டையைப் பிரிக்காமலே சரக்கின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். குத்தூசியைச் செருகி ஒரு பிடி எடுப்பார், வாயில் போட்டுக் கடிப்பார், விலை சொல்வார். வெறும் வயிற்றில் நடக்கும் இந்தக் கச்சேரிக்குக் காவலாக, முன்கூட்டியே வெந்நீரில் அதிமதுரப் பொடி ஒரு மடக்கு. "வெள்ளம் வர்றதுக்கு முன்னாடி அணை கட்டிடணும்" என்பார்.

வயிறு எரிந்தது, அணையை உயர்த்தினார். மலம் தார் போலக் கறுத்தது. யாரிடமும் சொல்லாமல் இன்னொரு கரண்டி சேர்த்தார். அதிமதுரமும் அவர் மண்டிச் சரக்குதான்; விற்கிறவனே தன் சரக்கை நம்பாவிட்டால் வேறு எவன் நம்புவான்? கடையிலேயே மயங்கிச் சரிந்த பிறகுதான் மனைவி அவரை மருத்துவமனையில் சேர்த்தாள். ரத்தம் ஏற்றினார்கள். குழாய் விட்டுப் பார்த்த டாக்டரம்மா, புண்ணில் சதை கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். அன்றிலிருந்து 'புற்று' என்ற சொல்லை மண்டிக்காரர் வாயால் சொல்லவில்லை. மனத்தால் சொல்லாத நேரமில்லை.

இன்று முடிவு வந்துவிட்டது.

"வெறும் புண்தான். கிருமி இருக்கு, மாத்திரையில போயிடும்" என்றார் டாக்டரம்மா.

மனைவி கண்ணைத் துடைத்தாள். மண்டிக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"எந்த இடத்துல எடுத்தீங்க?"

"எதை?"

"சாம்பிளைத்தாங்க. மேலாக எடுத்தா எல்லா மூட்டையும் நல்ல மூட்டைதான். அழுகல் அடியில கிடக்கும். நானே எத்தனை பேருக்கு நல்லதை மேலாகப் பரப்பி…"

"ஏங்க, வாயை மூடுங்க! இது ஆஸ்பத்திரி, உங்க மண்டி இல்லை."

டாக்டரம்மா சிரித்துக்கொண்டே, குழாய் விட்டு எடுத்த படத்தை அவர் பக்கம் திருப்பினார். "புண்ணைச் சுத்தி ஓரமா இத்தனை இடம். நடுவுலயும் எடுத்தோம். எல்லாம் சுத்தம். புண் ஆறினதும் மறுபடி குழாய் விட்டுப் பார்த்துடுவோம். போதுமா?"

படத்தில் ஒவ்வோர் இடமாக விரல் வைத்துப் போனார் மண்டிக்காரர். இப்படிக் குத்திப் பார்த்தால் எந்த வியாபாரியாலும் ஏமாற்ற முடியாது. இறுகிக் கிடந்த தோள்கள் தாமாகவே இறங்கின.

"அப்போ என் அதிமதுரம் வீணா?"

"வயித்துக்குக் கொஞ்சம் காவல்னு ஆராய்ச்சியில சொல்றாங்கதான். ஆனா கிருமியை அதை நம்பி விடமுடியாது. நீங்க சாப்பிட்ட அளவுக்கு ரத்த அழுத்தம் வேற ஏறியிருக்கு. நிறுத்துங்க. மிளகு கடிக்கிறதையும்தான்."

"கடிக்காம எப்படிங்க வாங்குறது?"

"நான் கடிக்கிறேன்" என்றாள் மனைவி. "இத்தனை வருஷம் உங்க காரத்தையே தாங்கிட்டேன்!"

திரும்பும் வழியில், வாடகைக் காரின் பின்சீட்டில் அவர் தலை அவள் தோளில் சாய்ந்தது. வாய் திறந்து குறட்டை. டிரைவர் ஹாரனில் கை வைத்தார்.

"அடிக்காதீங்க தம்பி" என்றாள் மெல்ல. "இன்னிக்குத்தான் தூங்குறார்."