அக்கா ஜெபிக்காத மூன்று நாட்கள்

1

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை தானாக வரவில்லை, என்னிடம் கேட்டு வாங்கப்பட்டது. எங்கள் சபையின் மாதப் பத்திரிகையில் கடைசிக்கு முந்தின பக்கம் என்னுடையது. ‘பொறுப்பில் இருப்பவர்களுக்கு’ என்று தலைப்பு. சோர்ந்துபோன மேலாளர்களும் தலைமையாசிரியர்களும் படித்துவிட்டுத் தெம்பாக எழுந்து நடக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பத்தொன்பது மாதங்களாக எழுதுகிறேன். எழுதுகிற நான் யாருக்கும் தலைவனாக இருந்ததில்லை. வீட்டுப் பூனைகூட என் பேச்சைக் கேட்பதில்லை.

பத்திரிகையாசிரியர் ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் என்னை வாசலில் மடக்கினார்.

“தம்பி, போன மாசம் கழுகு. அதுக்கு முந்தின மாசம் கலங்கரை விளக்கம். அதுக்கும் முன்னாடி எறும்பு. இந்த மாசமாவது ஒரு மனுஷனை எழுதுங்களேன்.”

“மனுஷியா இருந்தா பரவாயில்லையா சார்?”

“ஒரு பக்கத்துக்குள்ள அடங்கினா சரி.”

அடங்கவில்லை. அதனால்தான் உங்களிடம் வந்திருக்கிறது.

2

எழுதிப் பார்த்த தொடக்கங்கள்:

‘புயலில்தான் மாலுமியின் திறமை…’ (வேண்டாம். கப்பலையே நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.)

‘தலைமை என்பது முட்களால் ஆன…’ (இதை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். நானே எழுதியிருப்பேன்.)

‘ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு பேருக்குப் பொறுப்பாக இருந்த ஒரு பெண், தான் செய்த தவறுக்கு இன்னொருத்தி பழி ஏற்றுக்கொண்டதைப் பார்த்தும் வாய் திறக்காமல் நின்றாள்.’

இது நிற்கிறது. அந்தப் பெண் என் அக்கா. எழுதலாமா என்று கேட்டபோது, “எழுதிக்கோ. ஆனா என்னை நல்லவளாக்கிடாதே” என்றாள். அது எவ்வளவு சிரமமான நிபந்தனை என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை.

3

சலவைப் பிரிவு மருத்துவமனையின் அடித்தளத்தில் இருக்கிறது. சன்னல் கிடையாது. ஒரு கதவு வழியாக அழுக்கு மூட்டைகள் வரும், எதிர்க் கதவு வழியாக வெள்ளை விரிப்புகள் அடுக்கடுக்காக வார்டுகளுக்குப் போகும். நடுவில் ஆறு சலவை இயந்திரங்கள், நான்கு உலர்த்திகள், ஒரு கட்டிலைவிட அகலமான தேய்ப்பு இயந்திரம் ஒன்று. ஈர விரிப்பை இரண்டு பேர் முனை பிடித்துக் கொடுத்தால், சூடான உருளைகள் அதை உள்ளே இழுத்துக்கொண்டு மறுபக்கம் மொடமொடவென்று தள்ளும். உருளைகளுக்கு முன்னால் விரல் உயரத்தில் ஒரு கம்பி உண்டு. கை பட்டால் இயந்திரம் நின்றுவிடும். அங்கே அதற்கு ‘சேஃப்டி’ என்று பெயர்.

அந்த இயந்திரத்தில் ரேடியோ வேலை செய்தாள். சதா பாடுவாள், பாடாத நேரத்தில் பேசுவாள், அதனால் அந்தப் பெயர். அக்காவைவிட இரண்டு வயது சின்னவள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டு உலர்த்திகள் படுத்துவிட்டன. அறுவை சிகிச்சைப் பிரிவிலிருந்து விரிப்பு கேட்டுத் தொலைபேசி மேல் தொலைபேசி. போதாக்குறைக்கு சேஃப்டி கம்பி தளர்ந்துபோய், யாரும் தொடாமலே பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்திக்கொண்டிருந்தது.

“இன்னைக்கு ஒரு நாள் அதைத் துணியால கட்டிட்டு ஓட்டு” என்றாள் அக்கா.

“அக்கா, வேண்டாமே. உருளை கொதிச்சுக் கிடக்கு.”

“நாலு மணிக்குள்ள மேல அனுப்பியாகணும். நான் சொல்றேன்ல, கட்டு.”

ரேடியோ கட்டினாள்.

மூன்றேகால் மணிக்கு ஒரு விரிப்பின் முனை மடங்கிக்கொண்டது. அதை நீவிவிடக் கை நீட்டினாள். அக்கா அப்போது முதுகைக் காட்டி நின்று மூட்டை எண்ணிக்கொண்டிருந்தாள். அலறலுக்கு முன்னால் பாட்டு நின்றது என்கிறாள். திரும்பியபோது ரேடியோவின் வலது கை உருளைக்குள் இருந்தது.

4

மறுநாள், அதே மருத்துவமனையில் படுத்திருந்த ரேடியோவின் கட்டிலருகே கண்காணிப்பாளர் கோப்போடு வந்தார். கால்மாட்டில் அக்கா.

“கம்பியைக் கட்டச் சொன்னது யாரும்மா?”

ரேடியோ அக்காவைப் பார்த்தாள். அப்புறம் கூரையைப் பார்த்தாள்.

“யாரும் சொல்லல சார். சீக்கிரம் முடிக்கலாம்னு நானேதான் கட்டினேன்.”

“நீ என்ன பண்ணின?” என்று பிறகு அக்காவிடம் கேட்டேன்.

“வாயைத் திறந்தேன்டா. காத்துதான் வந்துச்சு.”

அவர் எழுதி முடித்து, கீழே ஓர் இடத்தைக் காட்டினார். அக்கா கையெழுத்துப் போட்டாள். சாட்சி என்று போட்டிருந்த இடத்தில்.

(அடிக்குறிப்பாக வைத்துக்கொள்ளுங்கள்: எங்கள் சபையில் ‘சாட்சி’ என்றால், எழுந்து நின்று ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சொல்வது. அக்கா நன்றாகச் சொல்வாள். அவள் எழுந்தால் பின் வரிசைக்காரர்கள்கூட முன்னால் சாய்வார்கள்.)

5

இந்த இடத்தில்தான் எனக்கும் என் பாத்திரத்துக்கும் தகராறு வந்தது.

‘விபத்து நடந்த அன்று மாலை அவள் முழங்காலில் நின்று கண்ணீரோடு…’ என்று எழுதியிருந்தேன். அக்கா படித்தாள். என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவி அந்த வரியை அடித்தாள்.

“நான் ஜெபம் பண்ணலடா.”

“அழுதாவது இருப்பியே.”

“அழல. செவ்வாய், புதன், வியாழன். மூணு நாள் ஜெபமே கிடையாது. சாப்பாட்டுக்கு முன்னாடி கூடக் கண்ணை மூடல.”

“ஆண்டவர் மேல கோபமா?”

“அவர் மேல எனக்கென்ன கோபம்? பண்ணினா என்ன சொல்லுவார்னு தெரியும். அதான் பண்ணல. போன் அடிக்குது, யார்னு தெரியுது, எடுக்காம உக்காந்திருக்கோம்ல. அந்த மாதிரி.”

நான் பேனாவைத் திருப்பி வாங்க மறந்துவிட்டேன். பொறுப்பில் இருப்பவர்களுக்குத் தேவனுடைய குரல் கேட்கவில்லையே என்ற கவலைக்குத்தான் இத்தனை மாதங்களாக மருந்து எழுதிவந்திருக்கிறேன். நன்றாகக் கேட்டுவிடுமோ என்று ஒருவர் பயப்படலாம் என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. அப்படி எத்தனை பேர் இருப்பார்கள்? என் பக்கத்தைப் படித்து, ‘அருமை’ என்று கைகுலுக்கியவர்களில் எத்தனை பேர்?

வியாழன் மாலை பெண்கள் ஜெபக்கூட்டம். நடத்துகிறவள் அக்காதான். தொண்டை கட்டியிருக்கிறது என்று சொல்லி மற்றவர்களை ஜெபிக்கச் சொன்னாள். அவர்கள் அவளுடைய தொண்டைக்காக ஜெபித்தார்கள்.

“அந்த ஜெபம் உடனே கேக்கப்பட்டுச்சு பாரு” என்று சிரித்தாள். “தொண்டைக்கு ஒண்ணுமே இல்ல.”

அடுத்து ஒரு பெண் ரேடியோவுக்காக ஜெபித்தாள். ஆண்டவரே, அவசரப்பட்டுத் தன் கையாலேயே கெடுத்துக்கொண்டாள், அவளுக்குப் பொறுமையைக் கற்றுக்கொடும் என்று. எல்லாரும் ஆமென் சொன்னார்கள். அக்காவும் சொன்னாள்.

இதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. “பொய்யில கையெழுத்துப் போட்டப்ப கூடத் தூங்கினேன்டா. அந்த ஆமெனுக்கு அப்புறம் முடியல.”

6

வெள்ளிக்கிழமை காலை. தரிசனம் எதுவும் இல்லை. (கேட்டுப் பார்த்தேன். ஒரு வசனமாவது நினைவுக்கு வந்ததா என்றுகூடக் கேட்டேன். “இல்லடா, விடு” என்றாள்.) பேருந்து நிறுத்தத்தில் இரண்டு பேருந்துகளை விட்டாள். மூன்றாவது வந்தபோது ‘சரி’ என்று சத்தமாகச் சொன்னாள். பக்கத்தில் நின்றவர் தன்னிடம்தான் பேசுகிறாள் என்று நினைத்துத் திரும்பிப் பார்த்தாராம். அந்த ஒரு சொல்தான் ஜெபம்.

நேராக ரேடியோவின் வார்டுக்குப் போனாள். உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றால் சந்தோஷப்படுவாள் என்று நினைத்திருக்கிறாள்.

“உங்களை இப்ப யார் கேட்டா?” என்றாள் ரேடியோ.

“உன் வேலை போயிடும்டி.”

“போனா போகட்டும். நீங்க போனா அந்த நாற்காலிக்கு யார் வருவாங்க தெரியுமா? பிள்ளைக்கு ஜுரம்னா ‘நீ போ, நான் பாத்துக்கறேன்’னு யார் சொல்லுவாங்க? நான் என்ன, உங்களுக்காகவா பொய் சொன்னேன்? எங்களுக்காகச் சொன்னேன்.”

கெட்ட காரணங்களோடு மூன்று நாள் மல்லுக்கட்டிக் களைத்து வந்த அக்காவுக்கு, இப்போது ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு திரும்பிப் போயிருக்கலாம். நானாக இருந்தால் போயிருப்பேன். போய், அதைப் பற்றி ஒரு பக்கமும் எழுதியிருப்பேன்.

“நீ வேண்டாம்னு சொன்ன. நான் கட்டுன்னேன், கட்டிட்ட” என்றாள் அக்கா. “இப்ப நான் வாயை மூடிட்டா, இனிமே நான் எதைச் சொன்னாலும் செய்வ. அதுதான்டி எனக்குப் பயமா இருக்கு.”

ரேடியோ சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

7

கண்காணிப்பாளர் அறையில் நடந்ததை அக்கா நான்கு வரியில் சொல்லிவிட்டாள். அப்படியே தருகிறேன்.

“விசாரணை முடிஞ்சு போச்சும்மா. ஏன் கிளறுறீங்க?”

“அதுல தப்பா எழுதியிருக்கு சார்.”

“நீங்களே சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்களே?”

“அதையும் சேர்த்துதான் சொல்ல வந்தேன்.”

பதினொரு வருடப் பதவி அந்த வாரமே போனது. வேலையை விட்டு அனுப்பவில்லை. அழுக்குத் துணி பிரிக்கும் மேசைக்கு மாற்றினார்கள். அந்தப் பிரிவில் யாரும் விரும்பிப் போகாத இடம் அதுதான். ரேடியோவின் வேலை தப்பியது. இரண்டு விரல்கள் மடங்கவில்லை. இரண்டு மாதம் கழித்து, அலமாரியில் துணி அடுக்கும் வேலைக்குத் திரும்பினாள். ஐந்து வாரம் அக்காவோடு பேசவில்லை.

பத்திரிகைக்கு என்றால் இங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் ரேடியோ பயந்ததுதான் நடந்தது. புதிய பொறுப்பாளர் விடுப்பு என்றால் மூன்று நாளைக்கு முன் விண்ணப்பத் தாள் கேட்டார். பிள்ளைகளின் ஜுரத்துக்கு மூன்று நாள் முன்னதாகத் தாள் கொடுத்து வரத் தெரியவில்லை. உலர்த்தியில் வேலை செய்த ஒருத்தி அக்காவின் முகத்துக்கு நேராகவே சொன்னாள்:

“உங்க மனசாட்சி வெளுத்துச்சு. எங்க லீவு போச்சு.”

அக்கா மறுநாளும் அதே கதவு வழியாகப் போனாள். தன் பழைய நாற்காலியைத் தாண்டி, மேசைக்கு. பதினான்கு மாதங்கள்.

எப்படித் தாக்குப்பிடிக்க முடிந்தது என்று நச்சரித்தேன். ஜெபமா, வைராக்கியமா, வழக்கமா?

“முதல் மாசம் வெறும் வீம்பு” என்றாள். “அப்புறம் ஒரு நாள் விரிப்புக்குள்ள கிடந்த ஊசி குத்திடுச்சு. கையுறை மெல்லிசா இருக்குன்னு அந்த மேசைக்காரங்க முன்னாடியே சொல்லியிருக்காங்க. நான் பொறுப்புல இருந்தப்ப, ‘பாத்துக்கலாம்’னு சொல்லியிருக்கேன். பதினொரு வருஷமா என்னத்தடா பாத்தேன்?”

தடித்த கையுறை கேட்டு நான்கு கடிதம் எழுதினாள். ஐந்தாவதற்கு முன் வந்துவிட்டது. யார் கேட்டு வந்தது என்று அங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. ஜெபமும் திரும்பியிருந்தது. காலை ஆறே முக்காலுக்கு, மேசையருகே, மூட்டையைப் பிரிப்பதற்கு முன்னால். நீளமான ஜெபமா என்றேன். “மூட்டை காத்துக்கிட்டு இருக்குமேடா” என்றாள்.

8

இனி முடிவு. புதிய பொறுப்பாளர் வேறு மருத்துவமனைக்குப் போகிறார். போன வியாழன் கண்காணிப்பாளர் அக்காவை அழைத்து, பழைய பொறுப்பை மறுபடி ஏற்கிறீர்களா, திங்கள்கிழமை எழுத்தில் பதில் வேண்டும் என்றார். நான் இதை எழுதுவது சனிக்கிழமை.

வாத்தியாருக்குப் பிடித்த முடிவு: ஏற்கிறாள். எல்லாரும் கைதட்டுகிறார்கள். உலர்த்திக்காரி மன்னிப்புக் கேட்கிறாள்.

என் இலக்கிய நண்பர்களுக்குப் பிடித்த முடிவு: மறுக்கிறாள். அழுக்கு மேசையில் மெல்லிய ஒளி விழுகிற… (அங்கே சன்னலே இல்லை.)

மூன்றாவது ஒன்று எழுதி அழித்துவிட்டேன். அதில் நான் அக்காவுக்கு ஆலோசனை சொல்கிறேன்.

உண்மையில் அவள் என்னிடம் கேட்கவே இல்லை. நேற்றுப் பகல் உணவு நேரத்தில் ரேடியோவிடம் கேட்டிருக்கிறாள். ரேடியோ தலையணை உறைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

“வரவாடி?”

“வாங்க. ஆனா நான் வேண்டாம்னு சொன்னா நிறுத்தணும்.”

“நிறுத்தாம போனா?”

ரேடியோ கடைசி உறையை அடுக்கின்மேல் வைத்து, உள்ளங்கையால் தட்டிச் சமன் செய்தாள்.

“அடுத்த தடவை உண்மையைச் சொல்லிடுவேன்.”

அக்கா எழுதப்போகும் பதில் எனக்குத் தெரியாது. அவளுக்கே தெரியுமா என்பதும் தெரியாது. உங்களுக்குக் கீழே யாராவது வேலை செய்கிறார்கள் என்றால், அந்தக் கடிதத்தை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். எழுதுமுன் அவர்களில் ஒருவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.