இக்னேசியஸ் ஐயாவின் இருபதாயிரம் அடிகள்

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆபீசில் இக்னேசியஸ் பெரிய கிளாக்கர். கதிரையை விட்டு எழுந்தால் அது தேநீருக்காகத்தான் இருக்கும். இரத்தத்தில் சீனி ஏறிவிட்டது, தினமும் பத்தாயிரம் அடி நடக்கும்படி ஹட்டன் டொக்டர் சொல்லிவிட்டார். அன்றே டவுனில் மலிவாக ஓர் உடற்பயிற்சிக் கடிகாரம் வாங்கினார்.

குறை சொல்லக்கூடாது. கட்டியிருப்பதே தெரியாது, மழைக்குக் கெடாது, ஒருமுறை சார்ஜ் போட்டால் ஒரு வாரம். ஆபீசுக்கு வந்தவர்களுக்கெல்லாம் தம் இதயத்துடிப்பைக் காட்டினார். மூன்றாம் நாள், குழி விழுந்த ரோட்டின் புண்ணியத்தில், பஸ்ஸில் உட்கார்ந்தபடியே ஆயிரத்து நானூறு அடி நடந்திருந்தார். நடந்தது யாரென்று கடிகாரம் கேட்பதில்லை என்பது அப்போதுதான் விளங்கியது.

மறுநாள் காலை, கொழுந்து பறிக்கப் புறப்பட்ட பூரணியைக் கூப்பிட்டார்.

“இத கையில கட்டிக்கிட்டுப் போ. அந்திக்கு குடுத்துரு. ஒரு டெஸ்ட்.”

கிளாக்கர் ஐயாவிடம் யார் மாட்டேன் என்பது? ஒரு மாதம் பூரணி அதைக் கட்டிக்கொண்டு மலை ஏறி இறங்கினாள்.

“சாப்பிடக் குந்தினாலும் உர்ருங்குது. ஒரு பொம்ம ஓடிக் காட்டுது. இதுவும் ஒரு கங்காணிதாங்க” என்றாள்.

அவர் காதில் வாங்கவில்லை. தினமும் இருபதாயிரம்! கடிகாரம் தம் போனுக்கு அனுப்பிய கணக்கைப் பார்க்கும்போதே கால் வலித்தது. வடை ஒன்று கூடுதலாகச் சாப்பிட்டார்.

மாத முடிவில் டொக்டர் அவருடைய போனைப் பார்த்துப் பூரித்தார். இரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்ததும் முகம் மாறியது.

“இவ்வளவு நடந்துமா சீனி கூடியிருக்கு? அப்ப இன்சுலின் ஊசிதான்.”

ஊசி என்றதும் உண்மை வெளியே வந்தது. “அது... நடந்தது நானில்லைங்க டொக்டர். எங்க தோட்டத்துப் பூரணி.”

டொக்டர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு, “அந்தம்மாவுக்கு ரத்தம் பாத்திருக்கா? கிளினிக்குக்கு அனுப்புங்க” என்றார்.

இக்னேசியஸ் வந்து அதைச் சொன்னபோது பூரணி கேட்டாள்: “கிளினிக்கு வேலை நாள்லதானுங்களே. அன்னிக்கு நான் வேலைக்கு வந்ததா எழுதுவீங்களா ஐயா?”

இக்னேசியஸ் நிமிர்ந்து உட்கார்ந்தார். “வராத ஆள வந்ததா எழுதுறதா? பொய் எழுதுற பழக்கம் எனக்கு இல்ல.”

வாசலில் நின்ற பெண்கள் வாய்விட்டுச் சிரித்தார்கள். பூரணி கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். “அப்ப நீங்களே நடங்க.”

ஊசிக்குப் பயந்து நடந்தார். மலையிலிருந்து பெண்கள் சத்தமாக எண்ணினார்கள். முந்நூறில் கல்லொன்றில் உட்கார்ந்துவிட்டார்.

பூரணி ஒருநாள் சம்பளத்தை விட்டுக் கிளினிக்குக்குப் போனாள். சீனி இல்லை, உடம்பில் இரத்தம்தான் குறைவு என்றார்கள். நன்றாகச் சாப்பிடச் சொன்னார்கள். அதிகம் நடக்க வேண்டாம் என்றும் சொன்னார்கள்.