இரண்டு நாள் ஆறிய தண்ணீர்

மீன் தொட்டியின் கண்ணாடியில் மூக்கு இடித்துவிடாமல் குனிந்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிருபம் செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது மாடியிலிருந்து மனைவி சுக்லா கூப்பிட்டாள். அவள் வழக்கமாகக் கூப்பிடும் குரல் இல்லை அது. இருந்தும் அவன் உடனே எழுந்திருக்கவில்லை. குஞ்சுகள் அப்போதுதான் தாய் மீனின் முதுகோரம் கூட்டமாக வந்து சேர்ந்திருந்தன. இன்னும் பத்து விநாடி எடுத்தால் அக்காவுக்குத் தெளிவாகத் தெரியும். நேற்று எடுத்துக் காட்டியதற்கு, "என்னடா இது, கஞ்சித் தண்ணியப் படம் புடிச்சாப்ல இருக்கு" என்று திட்டியிருந்தாள்.

பத்து விநாடியையும் எடுத்து முடித்துவிட்டுத்தான் மாடியேறினான். மாலபிகா அக்கா கன்னத்தைத் தலையணையில் அழுத்தியபடி ஒருக்களித்துக் கிடந்தாள். அவள் கையைப் பிடித்தபடி சுக்லா கட்டிலோரம் நின்றாள்.

"இப்பதாங்க. தண்ணி கேட்டாங்க. டம்ளரை எடுக்கத் திரும்பினேன். அவ்வளவுதான்."

விடிகாலை மணி ஐந்தேகால். வெளியே ஜூலை மாதத்து மழை விட்டுவிட்டுத் தூறிக்கொண்டிருந்தது. நிருபத்துக்கு அழுகை வரவில்லை. அந்தப் பத்து விநாடி மட்டும் முள்ளாகக் குத்தியது. போனை எங்கே வைப்பது என்று தெரியாமல் அக்காவின் மருந்து டப்பாக்களுக்கு நடுவே வைத்தான்.

கொல்கத்தாவின் பேஹாலாவில் அந்தச் சந்து வீட்டின் கீழே இருக்கும் கராஜில் ஒரு காலத்தில் அப்பாவின் அம்பாசிடர் நின்றது. கார் போன பிறகு இடத்தை ஒரு தையற்காரருக்கு விட்டுவிடலாம் என்றான் நிருபம். அவன் ஆளைப் பேசி முடிப்பதற்குள் அக்கா இரும்பு ஸ்டாண்டுகளை அடித்து, இருபத்திரண்டு கண்ணாடித் தொட்டிகளை மூன்று வரிசையாக அடுக்கிவிட்டாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆயுசைக் கழித்தவள். கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்தவள். யார் சொன்னாலும் கேட்காதவள். ஜன்னலைத் தெர்மாகோலால் அடைத்தாள். கதவிடுக்கில் பழைய சேலையைத் திணித்தாள். ஏர் பம்ப் ஒன்று ராவும் பகலும் உறுமிக்கொண்டே இருக்கும். நிருபம் அதற்குப் பயந்தே கீழ் அறையில் படுப்பதை விட்டான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும்போதெல்லாம், "என்ன, மாமியார் வீட்டுக்குக் கிளம்பியாச்சா?" என்று கேட்பான்.

"ஆமா. அங்கதான் என்னைக் குத்திக்காட்ட ஆள் இல்ல" என்பாள் அவள்.

இருவரும் அறுபதைத் தாண்டிய பிறகும் இந்தப் பேச்சு மட்டும் மாறவில்லை.

மூன்று வாரங்களுக்கு முன் அக்காவின் இதயம் தளர்ந்துவிட்டது, படியில் கால் வைக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மீன்களை யார் பார்ப்பது? அக்கா கட்டிலில் படுத்தபடி உத்தரவு போட்டாள். நிருபம் இறங்கிப் போய்ச் செய்துவிட்டு, ஏறி வந்து ஒப்பித்தான். எந்தத் தொட்டியில் பாசி, எது சாப்பிடவில்லை, எது செதிலை விரித்துக்கொண்டு நிற்கிறது என்று எல்லாம் சொல்ல வேண்டும். முழங்கால் விண்விண்ணென்று தெறித்தது. ஆனால் அந்த மூன்று வாரத்தில் அக்காவும் தம்பியும் பேசிக்கொண்டதைப் போல முப்பது வருடத்தில் பேசிக்கொண்டதில்லை.

கடைசித் தொட்டியில்தான் அந்த டிஸ்கஸ் ஜோடி. சோற்றுத் தட்டு மாதிரி வட்டமாக, ஆரஞ்சும் நீலமுமாக வரியோடிய இரண்டு மீன்கள். பதினோரு வருடமாக அக்கா பார்த்துவிட்டாள். முட்டையிடும், தானே தின்றுவிடும். அல்லது பூஞ்சை பிடிக்கும். அல்லது பொரித்த மறுநாளே ஒன்றும் இல்லாமல் போகும். அவள் படுத்த பிறகு, அவள் கண்ணில் படாத நேரம் பார்த்து, இந்த முறை பொரித்துவிட்டது. நான்காம் நாள் குஞ்சுகள் நீந்திப் போய்த் தாய் தகப்பன் உடம்பில் ஒட்டிக்கொண்டன. அந்தக் குஞ்சுகளுக்கு முதலில் வேறு ஆகாரமே கிடையாது. பெற்றவர்களின் தோலில் ஊறும் பசையைத்தான் கொத்தித் தின்னும்.

"பத்து நாள், நிரு" என்றாள் அக்கா. "பத்து நாள் தாண்டிட்டா பொழச்சுக்கும். தினமும் சாயங்காலம் ரெண்டு வாளி எடு, ரெண்டு வாளி ஊத்து. நீல டிரம்லேர்ந்து மட்டும்தான். மழைக்காலத்துல குழாய்த் தண்ணியில பிளீச்சிங் ஜாஸ்தி. ரெண்டு நாள் டிரம்ல ஆறினாத்தான் அந்தக் காரம் போகும். பெருசுங்க தாங்கும். பொடிசுங்க தாங்காது."

"சரி."

"சரின்னு தலையாட்டாத. சத்தியம் பண்ணு."

"மீனுக்கா சத்தியம்?"

"எனக்கு."

அவன் அவள் கைமேல் கை வைத்தான். தம்பியிடம் அவள் வாய்விட்டுக் கேட்டது வாழ்நாளில் அது ஒன்றுதான். அது நடந்து இரண்டு நாள்கூட ஆகவில்லை.

டாக்டர் வந்து சான்றிதழ் கொடுக்க ஒன்பது மணி ஆகிவிட்டது. அதற்குள் சந்து முழுக்க வீட்டில் கூடிவிட்டது. ஆளாளுக்குக் கை கால் கழுவி மாடித் தண்ணீர்த் தொட்டி காலி. நிருபம் வண்டி ஏற்பாடு செய்யப் போய்விட்டுத் திரும்பியபோது பெண்கள் அக்காவைக் குளிப்பாட்டி முடித்திருந்தார்கள். நீலக் கரை போட்ட வெள்ளைச் சேலை, நெற்றியில் சந்தனப் பொட்டுகள், தலைமாட்டில் சம்பங்கி. நரைத்த கூந்தலிலிருந்து தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. அக்காவுக்கு ஈரத் தலை ஆகாது, உடனே தும்முவாள் என்று அவனுக்கு நினைப்பு வந்தது. துண்டை எடுத்து ஓரமாகத் துடைத்துவிட்டான்.

கேவராதலா சுடுகாட்டில் அவன்தான் நெருப்பு வைத்தான். திரும்பி வந்தபோது மாலை ஐந்து. வாசலில் நெருப்பைத் தொட்டு, இரும்பைத் தொட்டு, வேப்பிலையைக் கடித்துத் துப்பிவிட்டு உள்ளே வந்தான். தைக்காத வெள்ளைத் துணி, வெறுங்கால். காரியம் முடியும்வரை இனி வீட்டில் மீன் சமைப்பதில்லை; ஃப்ரிட்ஜில் இருந்த ஹில்சாக் குழம்பைச் சுக்லா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டிருந்தாள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். ஆறு மணி ஆனதும் நிருபம் யாரிடமும் சொல்லாமல் கராஜுக்கு இறங்கினான்.

ஏர் பம்ப் உறுமிக்கொண்டிருந்தது. முதல் முறையாக அது அவனுக்குத் துணையாகப் பட்டது. அக்கா சொன்னது சொன்னபடி, ரப்பர் குழாயை வாயில் வைத்து உறிஞ்சித் தொட்டியிலிருந்து இரண்டு வாளி எடுத்தான். நீல டிரம்மில் அதே குழாயைப் போட்டு, குஞ்சுகள் மிரளாமல் மெதுவாக இரண்டு வாளி விட்டான். சின்னத் தொட்டி, பாதிக்குப் பாதி புதுத் தண்ணீர். டிரம் விளிம்புவரை நிறைந்திருந்ததை அவன் கண் பார்த்தது, புத்திக்கு எட்டவில்லை.

"ரெண்டு வாளி எடுத்தாச்சு, ரெண்டு வாளி ஊத்தியாச்சு" என்று வாய்விட்டுச் சொன்னான்.

சொன்ன பிறகுதான் மேலே போய் ஒப்பிக்க ஆளில்லை என்பது உறைத்தது. காலையிலிருந்து வராத அழுகை அப்போது வந்தது. முக்காலியில் உட்கார்ந்து, துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். இத்தனை வருடமும் மாமியார் வீடு, மாமியார் வீடு என்று அவளைக் குத்தினானே, ஒரு நாளாவது இங்கே வந்து பக்கத்தில் உட்கார்ந்தானா? அந்த நினைப்பு அவனை அறுத்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தபோது தாய் மீனின் மேல் குஞ்சுகள் குறைந்திருந்தன. ஒன்று உதிர்ந்து சுழன்றுகொண்டே கீழே போனது. இன்னொன்று. பிறகு ஐந்தாறு சேர்ந்து. பெரிய மீன்கள் இரண்டும் கறுத்துப்போய், செவுள் படபடக்க மூலையில் ஒடுங்கி நின்றன. நிருபத்துக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. ஏர் குழாயைத் திருகிப் பெரிதாக வைத்தான். விளக்கை அணைத்தான், போட்டான். "ஏய், ஏய்" என்று குஞ்சுகளைக் கெஞ்சினான்.

சுக்லா உரித்த பழமும் சர்பத்தும் எடுத்துக்கொண்டு வந்தாள். நிருபம் எழுந்து தொட்டியை மறைத்தாற்போல் நின்றான்.

"ஏதாவது வாயில போட்டுக்கோங்க. காலையிலேர்ந்து பட்டினி" என்றாள். அவள் கண் டிரம்மின் மேல் போனது. "காலையில அக்காவைக் குளிப்பாட்ட மேல சொட்டுத் தண்ணி இல்ல. இதுலேர்ந்துதான் மொத்தத்தையும் எடுத்தோம். நாலு மணிக்குக் குழாயில தண்ணி வந்ததும் முதல் வேலையா நானே நிரப்பி வெச்சிட்டேன். அக்கா எப்பவும் நிறைச்சுத்தானே வெச்சிருப்பாங்க. காலியா கிடந்தா அவங்க மனசு கேக்காது."

நிருபம் டிரம்மைப் பார்த்தான். இப்போது வாடை தெரிந்தது, குழாயடியின் அந்தப் பச்சை வாடை. எல்லாம் ஒரே நொடியில் புரிந்தது. முதுகுக்குப் பின்னால் என்ன நடந்துகொண்டிருக்கிறது என்பதும்.

"அப்ப அக்காவைக் குளிப்பாட்டினது இதுலேர்ந்தா?"

"ஆமா. ஏன், தப்பா?"

அவள் முகம் அழுது வீங்கியிருந்தது. மூன்று வாரமாக அக்காவுக்கு மலம் மூத்திரம் அள்ளியவள் அவள்.

"இல்ல" என்றான் நிருபம். "நல்ல தண்ணி அது."

"குஞ்சுங்க நல்லா இருக்கா?"

"தூங்குது. நீ மேல போ, நான் வரேன்."

மறுநாள் காலை வழக்கம்போல் வனமாலி சைக்கிளில் வந்தான். பதினைந்து வருடமாக அந்த வீட்டுக்கு உயிர்ப் புழு கொண்டுவந்து கொடுக்கிறவன். தன் வீட்டுக் கூரைக்கடியிலும் பத்துத் தொட்டி வைத்திருக்கிறவன். டிஸ்கஸ் குஞ்சு பிழைத்தால் முதல் ஜோடி அவனுக்கு என்று அக்கா சொல்லி வைத்திருந்தாள். சந்து முனையிலேயே சேதி தெரிந்து அழுதுகொண்டே வந்தான். சுக்லாவும் அவனோடு கராஜுக்குள் வந்தாள். கடைசித் தொட்டியில் ஒரு குஞ்சுகூட மிஞ்சாததைப் பார்த்ததும் வனமாலியின் அழுகை நின்றுவிட்டது.

"என்ன அண்ணே இது? என்ன பண்ணினீங்க?"

"நான்தான் வனமாலி" என்றான் நிருபம். ராத்திரி முழுக்க அவன் இதைத்தான் தயார் செய்து வைத்திருந்தான். "டிரம்லேர்ந்து எடுக்கச் சோம்பல்பட்டுக் குழாய்த் தண்ணிய நேரா பிடிச்சு ஊத்திட்டேன்."

"நேராவா! தலையில மூளையா, களிமண்ணா? ரெண்டு நாள் ஆறணும்னு அக்கா சொல்லல? பதினோரு வருஷம் அண்ணே! இதுக்காக எத்தனை நாள் இந்த முக்காலியிலயே உக்காந்திருந்தாங்க! அட, ஊத்தித்தான் தொலைச்சீங்க, அந்த அலமாரியில ஹைப்போ கல்லு டப்பா இருக்கே, ரெண்டு கல்லு போட்டிருந்தா பிளீச்சிங் முறிஞ்சிருக்குமே. கண்ணு எங்க இருந்துச்சு?"

நிருபம் அலமாரியைப் பார்த்தான். டப்பா இருந்தது. அது எதற்கென்று அவனுக்குத் தெரியாது.

"அவரைத் திட்டாதீங்க" என்று சுக்லா குறுக்கே வந்தாள். "கூடப் பொறந்தவளுக்கு நேத்துத்தான் கொள்ளி வெச்சிட்டு வந்து நிக்கிறாரு. மனுஷன் எந்த நெனப்புல இருந்தாரோ."

"நேத்து எப்ப ஊத்தினீங்க?"

"சாயங்காலம். ஆறு, ஆறரை இருக்கும்."

"ஆறரைக்கு ஏது குழாய்த் த..." என்று தொடங்கிய வனமாலி நின்றான். அவனும் அதே கார்ப்பரேஷன் குழாயில் தண்ணீர் பிடிக்கிறவன்; சாயங்காலம் ஐந்தரைக்கே அது நின்றுவிடும். அவன் கண் நீல டிரம்முக்குப் போனது. ரப்பர் குழாய் இன்னும் அதற்குள்ளேயே தொங்கிக்கொண்டிருந்தது. அங்கிருந்து அவன் பார்வை நிருபத்திடம் வந்தது. நிருபம் தலையைக் குனிந்துகொண்டான்.

சுக்லாவின் முகம் மெல்ல மாறியது.

"ஆறாத தண்ணின்னா..." என்றாள். "நேத்து நாலு மணிக்கு நான் அந்த டிரம்ல..."

"அதுவா அண்ணி" என்றான் வனமாலி சட்டென்று. "அது பாட்டுக்கு இருக்கட்டும். நாளைக்கு ஆறிடும். இவரு அதைத் தொடவே இல்லியே. குழாயிலேர்ந்து நேரா பிடிச்சேன்னு அவரே சொல்றாரே."

சுக்லா மூச்சை விட்டாள். வனமாலி புழுப் பொட்டலத்தைப் பிரித்து, பெரிய மீன்களுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று விரல் நுனியில் எடுத்து நிருபத்துக்குக் காட்டினான். "இவ்வளவுதான் அண்ணே. மிஞ்சக் கூடாது" என்றான். பிறகு முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு மற்றத் தொட்டிகளைப் பார்க்கப் போனான்.

சுக்லா தொட்டியருகே வந்து குனிந்தாள். இத்தனை வருடத்தில் அவள் அப்படிக் குனிந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பெண் மீன் நடுவில் நின்றது. உடம்பை ஒரு பக்கமாகச் சாய்த்து, சட்டென்று ஒரு உதறு உதறி விலகியது.

"என்ன பண்ணுது அது?"

"கொஞ்ச நேரம் நீ வெச்சுக்கோன்னு குஞ்சுங்களை அவன்கிட்ட விடுது" என்றான் நிருபம்.

மறு ஓரத்திலிருந்து ஆண் மீன் மெதுவாக வந்தது. பெண் மீன் நின்றிருந்த இடத்தில் வந்து, தன் விலாவைக் காட்டியபடி, அசையாமல் நின்றது.