பவளத்துக்குப் பருவம் தப்பியது

விடிந்ததும் மாரிக்கனிக்கு முதல் வேலை பவளத்தின் வாலைத் தூக்கிப் பார்ப்பதுதான். கொட்டடிக்குள் குனிந்து போய், நாயின் இடுப்பை முழங்கால்களுக்கு நடுவே அணைத்துக்கொண்டு, மடித்த வெள்ளைத் துணியால் அடியில் ஒற்றி எடுப்பாள். பிறகு துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, ஒரு பொட்டுச் சிவப்பாவது தெரிகிறதா என்று கண்ணை இடுக்கிப் பார்ப்பாள். அன்றைக்கும் துணி வெளுத்தது வெளுத்தபடியே இருந்தது.

"இல்லையாட்டி?" என்று வெளியிலிருந்து கேட்டான் அவள் புருஷன் பொன்னுராஜ்.

"இல்லை."

அவன் தண்ணீர் வாளியைத் தூக்கப் போய், பாதியில் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினான். நூல் மில்லில் இருந்த காலத்தில் உள்ளே போன பஞ்சுத்தூசி அவன் நெஞ்சைவிட்டுப் போகவில்லை. மில்லில் வேண்டாம் என்று அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு அவனுக்கென்று ஒரு வேலையும் அமையவில்லை. அய்யனார் கோவிலுக்குப் போகிற ரோட்டில், மலையடிவாரத்து மாந்தோப்பில், பம்ப்செட்டை ஒட்டிய ஒற்றை அறையில் அவர்கள் இருக்க முடிந்ததே மாரிக்கனி நாய்களைப் பார்த்துக்கொள்வதால்தான்.

தோப்பும் நாய்களும் ராம்குமாருக்குச் சொந்தம். ராஜபாளையம் டவுனில் பேண்டேஜ் துணி வியாபாரம். நாய் அவருக்குத் தொழில் இல்லை, கௌரவம். கொட்டடியில் இருந்த ராஜபாளையம் நாய்களில் பவளம்தான் பேர் போனது. பால் வெள்ளை, ரோஸ் மூக்கு, ஓடினால் முதுகில் அலை ஓடும். கண்காட்சிகளில் அது வாங்கிய கோப்பைகள் அவர் வீட்டு ஹாலில் கண்ணாடி அலமாரியில் இருந்தன. அதன் குட்டிக்குச் சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் ஆள் சொல்லி வைப்பார்கள்.

முன்னெல்லாம் பவளம் வருசத்துக்கு இரண்டு தடவை தவறாமல் பருவத்துக்கு, அதாவது ஹீட்டுக்கு, வரும். வந்த உடனே ஆண் நாயிடம் விடுவார்கள். குட்டிகள் பால்குடி மறந்ததும் காரில் ஏறிப் போய்விடும். மடி வற்றி, விலா எலும்பு தெரிய நிற்கிற நாயைத் தேற்றி எடுப்பதற்குள் அடுத்த ஹீட் வந்துவிடும். போன ஈற்றுக்குப் பிறகுதான் கணக்கு குழம்பியது. ஒரு தடவை லேசாகச் சிவப்புக் காட்டி, மறுநாளே நின்றுபோனது. அதை நம்பிக் காரில் ஏற்றி ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டு போனார்கள். அங்கே ஆண் நாயின் காதைக் கடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அப்புறம் பல மாதம் ஒன்றுமில்லை. பிறகு ஒரு வாரம் வீக்கம் மட்டும் இருந்தது, ரத்தம் இல்லை. அதன் பின் அதுவும் இல்லை.

வெயில் ஏறும் முன்பே ராம்குமார் வந்துவிட்டார். அவர் நாயிடம் தெலுங்கில்தான் பேசுவார்.

"ரா ரா, பவளம்."

பவளம் பாய்ந்து போய் அவர் முழங்காலில் முகத்தைத் தேய்த்தது. அவித்த முட்டையை உரித்து, பிய்த்துப் பிய்த்துத் தன் கையாலேயே ஊட்டினார். ஊட்டிக்கொண்டே, திரும்பாமல் கேட்டார்.

"இன்னைக்கும் இல்லையா?"

"இல்லை முதலாளி."

"நீ சரியாப் பாக்கியா மாரிக்கனி?"

"தினமும் காலையிலயும் சாயங்காலமும் பாக்கேன் முதலாளி."

"வந்து போயிருக்கும். நீ கவனிச்சிருக்க மாட்ட. இல்ல, தோப்புக்குள்ள நாட்டு நாய் எதுவும் புகுந்துச்சா? மறைக்காமச் சொல்லு."

"ஐயோ, அப்படி ஒண்ணும் இல்லை. வேலியத் தாண்டி ஒண்ணும் வரலை."

அவர் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். குரல் உயரவே இல்லை. "மெட்ராஸ்ல பெரிய இடம். அவரு மகள் கல்யாணத்துக்குள்ள பவளத்தோட குட்டி வேணும்னு கேட்டிருக்காரு. நான் வாக்குக் குடுத்துட்டேன். பொன்னுராஜால ஒரு வேலையும் ஆகிறதில்லை. அது தெரிஞ்சும் உங்களை வச்சிருக்கேன், பாரு. சேத்தூர்ல இருந்து ஒரு குடும்பம் வேலை கேட்டு வந்து நிக்காவ."

கார் போன பிறகும் அந்தச் சேத்தூர்க் குடும்பம் மாரிக்கனியின் கண்ணுக்குள்ளேயே நின்றது. அந்தக் குடும்பத்துப் புருஷன் வாளியை அலுங்காமல் தூக்குவான் என்று நினைத்துக்கொண்டாள்.

பெண்களுக்குத் தள்ளிப்போனால் கொடுப்பார்களே, அந்த எள்ளையும் கருப்பட்டியையும் இடித்து உருட்டி அவள் பவளத்துக்குக் கொடுத்தாள். அது வாலை ஆட்டிக்கொண்டு தின்றுவிட்டு இன்னொன்று கேட்டது. கோழிக்கடையில் கொஞ்சம் ரத்தம் வாங்கித் துணியில் தொட்டுக் காட்டிவிட்டால் என்ன என்று பொன்னுராஜ் கேட்டான். "ஆண் நாய் மோந்து பாத்தாச் சொல்லிராதா?" என்று அவனைத் திட்டினாள். திட்டிவிட்டு, அன்று முழுதும் அதையே யோசித்தாள்.

கடைசியில் ராம்குமாரே நாயையும் மாரிக்கனியையும் காரில் ஏற்றிக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கால்நடை டாக்டரிடம் போனார். டாக்டர் சத்யப்பிரியா பவளத்தின் வயிற்றை நிதானமாக அழுத்திப் பார்த்தார். பல்லைப் பார்த்தார், மடியைப் பார்த்தார்.

"ஒவ்வொரு ஹீட்டுக்கும் விடாம குட்டி எடுத்திருக்கீங்களா சார்?"

"நல்ல வம்சம் டாக்டர். விட மனசு வரலை."

"உடம்பு ஓஞ்சு போச்சு. அதுதான் ஹீட் முன்னப் பின்ன வருது, வர்றதும் முழுசா வர்றதில்லை. தைராய்டுக்கு ரத்தம் எடுத்துப் பாப்போம். ஆனா குட்டி போட்டது போதும், இனி விட்டுருங்க. முக்கியமா, ஹீட் வரவைக்கிற ஊசின்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. இந்த வயசுல கர்ப்பப்பையில சீழ் வச்சிரும்."

ராம்குமார் மரியாதையாகத் தலையாட்டினார். கார் ஊரைத் தாண்டியதும், "அந்தம்மாவுக்குப் பசுமாட்டைப் பத்தித்தான் தெரியும்" என்றார். அவ்வளவுதான்.

அடுத்த வாரம் குருசாமி வந்தான். நாய் வாங்கி விற்கிற தரகன். சட்டைப் பையிலிருந்து சின்ன மருந்துப் புட்டியை எடுத்து ஆட்டிக் காட்டினான்.

"கெட்டியாப் பிடிச்சுக்கோ தாயி. ஒரு ஊசிதான், பொறவு பாரு."

"டாக்டரம்மா வேண்டாம்னு சொன்னாவளே" என்றாள் மாரிக்கனி ராம்குமாரைப் பார்த்து. அவர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பம்ப்செட் அறை வாசலில் பொன்னுராஜ் இருமுகிற சத்தம் கேட்டது. குனிந்து பவளத்தின் கழுத்தைக் கட்டிப் பிடித்தாள். ஊசி ஏறும்போது நாய் முனகவில்லை. அவள் பிடித்தால் அது எதற்கும் அசையாது.

ஒரு ஊசியோடு நிற்கவில்லை. ஆனால் சிவப்பு வந்தது. ஆண் நாயைத் தோப்புக்கே கொண்டுவந்தார்கள். பவளம் உட்கார்ந்து உட்கார்ந்து விலகியது. வாயைக் கயிற்றால் கட்டி, தலையை மாரிக்கனியின் மடியில் அழுத்தி, குருசாமி பின்னால் இடுப்பைத் தூக்கிப் பிடித்தான். பவளத்தின் மூச்சு அவள் சேலை வழியே தொடையில் சுட்டது. அது அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அவள் மாமரத்தைப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் முதலாளி வீட்டிலிருந்து கறி வந்தது. அடுத்த நாள் ஆள் வந்து, மழைக்கு ஒழுகிக்கொண்டிருந்த கூரை ஓடுகளை மாற்றிக் கொடுத்தான். கொஞ்ச நாள் யாரும் சேத்தூரைப் பற்றிப் பேசவில்லை.

பிறகு பவளம் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. வைத்த தண்ணீர் போதாமல் வாய்க்கால் சேற்றை நக்கியது. சோற்றைத் தொடவில்லை. வயிறு பெருத்தது, ஆனால் அது குட்டி வயிறு இல்லை என்று தொட்டதுமே அவளுக்குத் தெரிந்தது. ஒரு காலையில் கொட்டடியைத் திறந்தபோது, அழுகிய பழ வாடையோடு மஞ்சளும் சிவப்புமாகத் தரையெல்லாம் ஒழுகிக் கிடந்தது.

ராம்குமார் ஒரு கல்யாணத்துக்காக ஐதராபாத் போயிருந்தார். போனில் மேளச் சத்தம் கேட்டது.

"மாசமா இருந்தா அப்படித்தான். நீயா ஒண்ணும் செய்யாத. வந்து பாத்துக்கிடுதேன்."

மறுநாள் நாய் எழுந்திருக்கவில்லை. வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தாள். ஈறு சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது. தெரிந்த காமராஜின் லோடு ஆட்டோவைக் கூப்பிட்டு, சாக்கை விரித்துப் பவளத்தைக் கிடத்தினாள். பொன்னுராஜும் ஏறிக்கொண்டான். ராஜபாளையத்தில் எந்த டாக்டரிடம் போனாலும் முதல் போன் முதலாளிக்குத்தான் போகும் என்பதால் நேரே ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விடச் சொன்னாள்.

புரட்டாசி சனிக்கிழமை. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கம் திருவண்ணாமலை என்கிற குன்றில் இருக்கிற பெருமாளைப் பார்க்கப் போகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றது. ஆட்டோ அடிக்கு அடி நின்றது. மொட்டையடித்த குழந்தையைத் தோளில் வைத்திருந்த ஒரு அம்மா, "நாய்க்கு என்னம்மா?" என்று கேட்டாள். மாரிக்கனி முந்தானையைத் தண்ணீரில் நனைத்து அந்த ரோஸ் மூக்கில் பிழிந்துகொண்டே இருந்தாள்.

டாக்டர் சத்யப்பிரியா ஸ்கேன் பார்த்த உடனே கையுறையைக் கழற்றினார்.

"ஊசி போட்டீங்களா?"

மாரிக்கனி தலை குனிந்தாள்.

"கர்ப்பப்பை முழுக்கச் சீழ். இப்பவே ஆபரேஷன் பண்ணி எடுத்துடணும். சாயங்காலம் வரைக்கும்கூடத் தாங்காது. ஓனருக்குப் போன் போடுங்க."

டாக்டர் போனை வாங்கி, ஸ்பீக்கரில் வைத்துப் பேசினார். ராம்குமார் முழுதும் கேட்டார். அப்புறம் சொன்னார்:

"மருந்து குடுங்க டாக்டர். கர்ப்பப்பைய எடுக்க வேண்டாம்."

"மருந்துக்குக் கேக்கிற கட்டத்தைத் தாண்டியாச்சு சார். எடுக்கலைன்னா செத்துரும்."

மேளச் சத்தத்துக்கு மேலாக அவர் குரல் வந்தது.

"எடுத்துட்டா அதை வச்சு நான் என்ன செய்ய? போனாப் போகட்டும். நான் சம்மதிக்கலை."

போன் அணைந்தது. டாக்டர் மாரிக்கனியைப் பார்த்தார். "சொந்தக்காரங்க சம்மதம் இல்லாம நான் கத்தி வைக்க முடியாதும்மா."

மேஜைமேல் பவளத்தின் பின்னங்கால் ஒரு தடவை இழுத்தது. மாரிக்கனி அதன் மேல் கையை வைத்தாள்.

"சோறு போட்டது நான். பீ அள்ளுனது நான். ஊசிக்குப் பிடிச்சுக் குடுத்ததும் நாந்தான். எங்க கையெழுத்துப் போடணும் டாக்டரம்மா?"

பொன்னுராஜ் அவள் முழங்கையைப் பிடித்தான். "ஏட்டி, வீடு போயிரும்ட்டி. நாம எங்கிட்டுப் போவ?"

"போயிரும்னு தெரியுது."

"தெரிஞ்சுமா?"

அவள் பேனாவை வாங்கினாள். சொந்தக்காரர் என்ற இடத்தில் அவள் எழுதிய பேர் கோடு தாண்டிப் போனது. டாக்டர் அதைப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

ராம்குமார் ஊர் திரும்பிய அன்றே தோப்புக்கு வந்தார். அறை வாசலில் வயிற்றில் கட்டோடு படுத்திருந்த பவளம் அவர் குரல் கேட்டதும் தள்ளாடி எழுந்தது. கால்கள் விரிந்து விரிந்து போக, அவரிடம் நடந்து போய் முழங்காலில் முகத்தை வைத்தது.

"நான் சொன்னது உனக்குக் கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு முதலாளி."

"பொறவு?"

பொன்னுராஜ் கும்பிட்ட கையை இறக்காமல் நின்றான். "கிறுக்கச்சி செஞ்சுட்டா முதலாளி. மனசுல வச்சுக்கிடாதிய" என்று திரும்பத் திரும்பச் சொன்னான். இருமல் வந்து அவன் பேச்சை நிறுத்தியது.

"நாளைக்குச் சேத்தூர்க்காரவுக வாராவ. அறையக் கழுவி விட்டுட்டுப் போங்க." அவர் காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். "இதையும் கூட்டிட்டுப் போயிரு. இங்க இதுக்கு இனி வேலை இல்லை."

பவளம் மறுபடியும் அவர் கையை முகர்ந்தது.

"போ" என்றார். அந்தச் சொல் தெலுங்கிலும் தமிழிலும் ஒன்றுதான். நாய் திரும்பி வந்து மாரிக்கனியின் காலடியில் படுத்தது.

வன்னியம்பட்டியில் மாரிக்கனியின் தங்கை மாடத்தி வீட்டில் இடம் கிடைத்தது. ஒரே அறை. மாடத்தியின் பிள்ளைகள் நாயோடு விளையாடினார்கள். மாடத்தியின் புருஷன் இரண்டு நாள் சிரித்த முகமாக இருந்தான். மூன்றாம் நாள் சாப்பிடும்போது, "அண்ணே, மில்லுல பொம்பளை ஆளு எடுக்காவளாம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னான்.

மறுநாள் காலையில் நாயும் சேர்த்து மூவருமாகவே மில்லுக்குப் போனார்கள். நாயை விட்டுவிட்டு வர அந்த வீட்டில் இடமில்லை. பொன்னுராஜ் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பவளத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். எந்த மில் இரைச்சலால் அவன் காதும் பாதி மந்தமாகியிருந்ததோ, அதே மாதிரி இரைச்சல் உள்ளே இருந்து வந்துகொண்டிருந்தது. அவன் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

உள்ளே, வேலைக்கு வந்த பெண்களை வரிசையில் நிறுத்தி சூப்பர்வைசர் அனுசியா பார்த்துக்கொண்டு வந்தாள். இளவயசு, காதில் புளூடூத். மாரிக்கனியின் கையைத் திருப்பிப் பார்த்தாள். கையில் பழைய கடித்தழும்புகள் இருந்தன.

"என்ன வேலை பாத்த?"

"நாய் வளத்தேன் மேடம்."

"உனக்கு இன்னும் வருதா?"

மாரிக்கனிக்குப் புரியவில்லை.

"அதான், மாசாமாசம். ஒழுங்கா வருதா, முன்னப் பின்ன வருதா? உன் வயசுக்காரவிய பாதிப் பேரு மூணு நாள் வயித்து வலின்னு உக்காந்துருதாவ. மிஷின் நிக்குது. வேண்டாம்னு மேல சொல்லிட்டாவ."

மாரிக்கனிக்கு விடியற்காலையிலிருந்தே அடிவயிற்றைப் பிசைந்துகொண்டிருந்தது. அன்றைக்கு அவளுக்கு இரண்டாம் நாள்.

"நின்னு போச்சு மேடம்" என்றாள்.

"நெசமாத்தானே?"

"நெசமா. நின்னு வருசமாச்சு."

அனுசியா அவளை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தாள். "அப்பச் சரி. நாளையில இருந்து வந்துரு."

மில்லுக்கும் கேட்டுக்கும் நடுவே பெரிய வெற்றுத் திடல். மாரிக்கனி நிமிர்ந்து, கைகளை வீசி, அந்தத் திடல் முழுவதையும் நடந்து கடந்தாள். கேட்டைத் தாண்டி, சுவர் மறைத்த பிறகுதான், வேப்பமரத்தடியில் பவளத்துக்குப் பக்கத்தில் சுருண்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் வயிற்றை அழுத்திக்கொண்டாள். நாய் தன் தையலை நக்குவதை நிறுத்தி, தலையை நீட்டி அவள் புறங்கையை நக்கியது.