நீலமேகத்தின் மூன்று பைப்புகள்

என் வீட்டுக்காரர் நீலமேகம் பதினெட்டு வருஷம் வெளிநாட்டுச் சரக்குக் கப்பல்களில் வேலை பார்த்துவிட்டு, பழவேற்காடு ஏரிக்கரையில் இருக்கிற எங்கள் பசியாவரத்துக்கு மீன்பிடிக்கத் திரும்பியபோது, நான் தங்கம் எதிர்பார்த்தேன். அவர் கொண்டு வந்தது புகையிலை பிடிக்கிற மூன்று பைப்புகள்.

சுவரில் பலகை அடித்து, மூன்று ஆணியில் மாட்டினார். சாமி படத்துக்குக்கூட அவ்வளவு நேர் பார்த்து ஆணி அடித்ததில்லை. ஒவ்வொன்றுக்கும் ஒரு வேளை உண்டு. குட்டையாக, பித்தளை மூடி போட்டது கடலுக்கு. எந்தக் காற்றிலும் அதில் நெருப்பு பறக்காது. மக்காச்சோளக் கட்டையில் செய்தது மழைக்கு. நனைந்து வீணானாலும் மனசு அடித்துக்கொள்ளாது. தூறலில் அதைத் தலைகீழாகத் திருப்பிக் கடித்துக்கொண்டே வலை இழுப்பார். மூன்றாவது பெரிசு. ஏதோ மர வேரில் கடைந்தது, வாய் அகலம். ஒரு தடவை நிரப்பினால் ஒன்றரை மணி நேரம் தாங்கும், ஆனால் கொஞ்சம் காற்று பட்டாலும் உள்ளே கனன்று நாக்கைச் சுட்டுவிடும். அதனால் ஏரியில், காற்று படாத மறைவில் படகைக் கட்டினால்தான் அதைப் பற்றவைப்பார்.

எனக்கு அந்தச் சனியன்களைக் கண்டாலே ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் புகையிலை ஈரம் கோத்துக்கொள்ளும். என் கருவாட்டுக்குப் பக்கத்திலேயே பேப்பர் விரித்துக் காய வைப்பார், காக்கா விரட்டுவது நான். சித்திரையில் வறண்டு பொடியாகும். ஈரம் ஏறட்டும் என்று டப்பாவுக்குள் உருளைக்கிழங்குத் துண்டு ஒன்று போடுவார், அதுவும் என் கூடையிலிருந்து. ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டும். புகையிலையை அடியில் தளர்வாகவும் மேலே கட்டைவிரலால் அழுத்தியும் நிரப்புவார். ஒரு குச்சி கிழித்து லேசாகக் கருக்கி, அணைய விட்டு, மறுபடி அழுத்தி, இரண்டாவது குச்சியில் முதல் புகையை விடும்போது வெல்லம் காய்ச்சுகிற வாசம் வரும். அப்போது அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரியும். அந்த நிம்மதி ஒரு நாளும் என்னால் வந்ததில்லை என்பதுதான் என் எரிச்சல்.

இந்தத் தை மாசம் அவருக்கு நெஞ்சு வலி வந்தது. பொன்னேரியில் பார்த்த டாக்டர் கடலும் வேண்டாம், புகையும் வேண்டாம் என்றார். இரண்டையும் அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. புகையை நிறுத்துவது என்னால் ஆகாது, கடலையாவது நிறுத்தலாம் என்று நினைத்தேன். மூடி பைப் இல்லாமல் அவர் முகத்துவாரம் தாண்டிக் கடலுக்குள் போக மாட்டார் என்பது ஊருக்கே தெரியும். மாசியில் ஒரு விடியற்காலை, அவர் முகம் கழுவுகிற நேரம் பார்த்து, அதை அரிசி டிரம்முக்குள் புதைத்தேன்.

எங்கே என்று கேட்டார். எனக்கென்ன தெரியும் என்றேன். பாய்க்கு அடியில், டப்பாக்களுக்குப் பின்னால் தேடிப் பார்த்தார். பிறகு பெரிசைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, போனைக்கூட எடுக்காமல் கிளம்பினார். தினமும் கடல் என்றோ ஏரி என்றோ ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். அன்று கோபம், ஒன்றும் சொல்லவில்லை. ஏரிக்குத்தான் போகிறார் என்று எனக்குத் தெரியும். ஜெயித்துவிட்ட தெம்பில் இட்லிக்கு ஊறப்போட்டேன்.

பத்து மணிக்கு வருகிறவர் பன்னிரண்டாகியும் வரவில்லை. மற்ற படகுகளெல்லாம் அன்று ஏரியின் வடக்கே போயிருந்ததால் அவரைப் பார்த்தவர் யாருமில்லை. என் கொழுந்தன் பூபதி ஆட்களோடு வந்து நேராகப் பலகையைத்தான் பார்த்தான். சோளக் கட்டை மட்டும் தொங்கியது. கடலுக்கு மூடி பைப், திரும்பி வரும்போது ஏரியில் பிடிக்கப் பெரிசு, இரண்டையும் எடுத்துக்கொண்டு அண்ணன் கடலுக்குத்தான் போயிருக்கிறார் என்று அவனே முடிவு கட்டினான். நான்கு போட்டுகள் முகத்துவாரத்தைப் பார்த்துக் கிளம்பின.

நான் வாயைத் திறக்கவில்லை. வாசலில் பெண்கள் கூடியிருந்தார்கள். தண்ணீரில் இறங்கப் போகிற ஆளிடம் பொய் பேசுவது எங்கள் ஊரில் செய்யத் தகாத காரியம். சொன்னால் காறித் துப்புவார்களே என்று பயந்தேன். அது பாதி. மீதி வீம்பு. இதோ வந்துவிடுவார், வந்துவிட்டால் நான் ஒளித்தது யாருக்கும் தெரியாமலே போய்விடும் என்று நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்பிகா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவளுக்கு நான் ஆறுதல் சொன்னேன். அப்படியே ஒரு மணி நேரம் போனது.

ஒன்றேகாலுக்கு மேல் முடியவில்லை. பூபதிக்குப் போன் போட்டேன்.

"அவரு கடல்ல இல்ல பூபதி. மூடி பைப்பு எங்கிட்ட கீது. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

அவன் எஞ்சினை நிறுத்தினான். திட்டுவான் என்று காத்திருந்தேன்.

"அப்போ பெரிசு மட்டும்தான் எடுத்துனு போனாரா அண்ணி?"

"ஆமா."

"இன்னிக்கு வாடைக்காத்து. காத்து படாத எடம்னா மணல் திட்டுக்குத் தெக்கால, புதர் மறைவுதான்," என்று சொல்லிப் போனை வைத்தான்.

அங்கேதான் இருந்தார். அலையாத்திப் புதரில் படகைக் கட்டிவிட்டு, வெயிலில் மல்லாந்து கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. வலது கையும் காலும் அசையவில்லை. பக்கத்தில் விழுந்திருந்த பைப்பில் பாதிப் புகையிலை எரியாமல் இருந்தது. பழவேற்காடு கொண்டு வந்து, பொன்னேரி போய், அங்கிருந்து சென்னைக்கு ஓடினோம். சென்னையில் ஒரு டாக்டர், இன்னும் ஒரு மணி நேரம் முந்தி வந்திருந்தால் பேச்சாவது தப்பியிருக்கலாம் என்றார். மெதுவாகத்தான் சொன்னார்.

பூபதி ஊரில் தானே யோசித்துக் கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டான். என் பேரை எடுக்கவே இல்லை. அதற்கு அவனைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். ஆனால் நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எட்டு மாசம் ஆகிறது. அவருக்குப் பேச்சு இல்லை. காதும் புத்தியும் தெளிவாக இருக்கின்றன. புகையிலை கிடையாது, ஆனால் காலையில் இடது கையால் பலகையைக் காட்டுவார். காலி பைப்பை வாயில் வைக்க வேண்டும். அதிலும் ஏதோ ஒன்றை வைத்தால் ஏற்க மாட்டார். காற்று அடிக்கிற அன்று பெரிசை நீட்டினால் தலையை ஆட்டி ஜன்னலைக் காட்டுவார். நான் வாசலுக்குப் போய்க் காற்றைப் பார்த்து, வானத்தைப் பார்த்து, சரியானதை எடுத்து வர வேண்டும். ஆரம்பத்தில் தினமும் தப்பாகத்தான் எடுத்தேன். பிறகு பழகிவிட்டது. ஈர்க்கில் பஞ்சு சுற்றி உள்ளே துடைக்கவும், துடைத்ததை ஆற விட்டு மாட்டவும்கூடக் கற்றுக்கொண்டேன்.

போன வாரம் ஒரு நாள் மழை மூட்டம். அவர் காட்டுவதற்கு முன்பே சோளக் கட்டையை எடுத்துப் போய் வைத்தேன். கண்ணாலேயே சரி என்றார். எனக்குத் தாங்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, அன்று மூடி பைப்பை ஒளித்தது நான்தான் என்று சொன்னேன்.

அவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரிக்கும், இருந்தாலும் அது சிரிப்புதான். இடது கையால் என் தலையில் தட்டினார். வீட்டில் வேறு யார் ஒளிக்கப் போகிறார்கள்? அவருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் எனக்காக ஏரிக்குப் போயிருக்கிறார்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். மிச்சமும் என் நெஞ்சில் கிடந்து உறுத்தியது. கிடைக்கிற மன்னிப்பை முழுசாக வாங்கிவிட வேண்டும் என்ற பேராசை வந்துவிட்டது.

"நீ ஏரிலதான் கீறேன்னு எனக்குத் தெரியும்யா. அவங்க கடலுக்குப் போனப்ப நான் வாயத் தொறக்கல. ஒரு மணி நேரம் சும்மா நின்னுனு இருந்தேன்."

கை என் தலையிலேயே நின்றது. பிறகு அதை எடுத்துக்கொண்டார். வாயிலிருந்த பைப்பை எடுத்துப் போர்வை மேல் வைத்தார். முகத்தைத் திருப்பவில்லை, என்னையே பார்த்தார். என்னவோ சொல்ல வாயைக் கோணிக் கோணி முயன்றார். சத்தம் வந்தது, வார்த்தை வரவில்லை. வசவா, போகட்டும் விடு என்பதா என்று நான் குனிந்து அவர் வாயருகே காதை வைத்தேன். மறுபடி முயன்றார், நெற்றியெல்லாம் வியர்த்தது. அந்த ஒரு வார்த்தைக்காக நான் இன்னும் காதை வைத்துக்கொண்டிருக்கிறேன். அதைச் சொல்கிற நாக்கைத்தான் அந்த ஒரு மணி நேரத்தில் அவரிடமிருந்து பிடுங்கிவிட்டேன்.